ஜேபெக்கில் எடுத்தால் என்ன?

யாழ்ப்பாணத்தில் இப்போது கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் பேசும்போது, காசுக் கதை முடிந்ததும் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணை, றோவிலதானே எடுப்பீங்கள்?" கேட்பது அநேகமாக மாப்பிள்ளையின் தம்பியாக இருக்கும், இல்லாவிட்டால் கனடாவிலிருந்து வந்து நிற்கும் ஒன்றுவிட்ட சகோதரமாக இருக்கும். றோ என்பது கமரா பிடித்த தகவலைப் படமாக்காமல் வைக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கமராவே படமாக்கிச் சுருக்கித் தரும் கோப்பு. றோ என்றால் தொழில்காரருக்கு, ஜேபெக் என்றால் பழகுகிறவர்களுக்கு என்று யூடியூப்பில் யாரோ சொல்லியிருப்பார்கள். படம் எடுப்பவரும் "ஓம் தம்பி, றோதான்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால்தான் அவருக்கும் மதிப்பு.

பிறகு நடப்பது வேறு. கமராவில் றோவும் ஜேபெக்கும் சேர்ந்து பதிய வைத்துவிட்டு, அன்றிரவே லண்டனுக்கும் பாரிசுக்கும் வட்ஸ்அப்பில் போவதற்கு ஜேபெக்கை எடுத்துக் கொடுக்கிறார். அல்பத்துக்கும் பல வேளைகளில் அதுவே போகிறது. றோக் கோப்புகள் ஹாட் டிஸ்க்கில் கிடந்து, இடம் போதாத ஒரு நாளில் அழிகின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த ஜேபெக் படங்களில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன. திறக்காத றோவுக்காக ஏன் இவ்வளவு இடமும் நேரமும் செலவழிக்கிறோம் என்பதுதான் கேட்க வேண்டியது.

என் கணிப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, முடிவை எப்போது எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஜேபெக்கில் எடுப்பவர் ஷட்டரை அழுத்த முதலே நிறத்தையும் வெளிச்சத்தையும் தீர்மானித்துவிட வேண்டும். றோவில் எடுப்பவர் அதைப் பின்னுக்குத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவது சில இடங்களில் புத்திசாலித்தனம், பல இடங்களில் வெறும் பழக்கம். எது எங்கே என்று பிரித்தறிய, கமராவுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கமராவுக்குள்

சென்சருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் அளக்கும். நிறத்தைப் பிடிப்பதற்காகப் பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை ஓர் ஒழுங்கில் பரப்பியிருக்கிறார்கள். கொடக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கு அது. நாலு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நுணுக்கங்களை மனிதக் கண் அதிகம் பிடிப்பது பச்சையை ஒட்டிய வெளிச்சத்தில் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இந்த அளவுகளை 12 அல்லது 14 பிட் எண்களாக எழுதி வைத்தால் அது றோக் கோப்பு. ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறத்துக்கான எண் மட்டுமே இருக்கும். அப்படியே திரையில் போட்டால் மங்கலாக, பச்சைபிடித்து, யாருக்கும் காட்ட முடியாததாக இருக்கும்.

அதைப் படமாக்க யாராவது வேலை செய்தாக வேண்டும். ஒவ்வொரு பிக்சலிலும் இல்லாத இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து ஊகிக்க வேண்டும். எது வெள்ளை என்று முடிவுசெய்ய வேண்டும், அதைத்தான் வைட் பலன்ஸ் என்கிறோம். இருளையும் வெளிச்சத்தையும் கண்ணுக்கு ஏற்றபடி வளைத்துக்கொடுக்க வேண்டும். நிறத்தைக் கூட்டி, புள்ளிபுள்ளியாகத் தெரியும் குருணையைக் குறைத்து, விளிம்புகளைக் கூராக்க வேண்டும். ஜேபெக்கில் வைத்தால் இவ்வளவையும் கமராவுக்குள் இருக்கும் சில்லே ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் செய்து முடித்துவிடும். றோவில் வைத்தால் அதே வேலையை லைட்ரூமோ வேறொரு மென்பொருளோ செய்யும், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். றோவில் எடுக்கும்போதும் கமராவின் பின்திரையில் தெரிவது கமரா தன் பாட்டுக்குச் செய்து காட்டும் ஒரு ஜேபெக்தான். இருட்டும் வெளிச்சமும் படத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் "நான் ஜேபெக்கைத் தொடுவதேயில்லை" என்று சொல்பவரும் நாள் முழுக்க ஜேபெக்கைப் பார்த்துத்தான் வெளிச்சத்தைச் சரிபார்க்கிறார்.

படம் தயாரானதும் சுருக்கம். 24 மெகாபிக்சல் படத்தை ஒரு நிறத்துக்கு 8 பிட் வீதம் விரித்து எழுதினால் 72 மெகாபைட் வரும். அதைப் 10 மெகாபைட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். நிறத்தில் உள்ள நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அதனால் அநேகமான வேளைகளில் நிறத்தகவலைப் பாதியாக அல்லது காலாகக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் உள்ள 64 எண்களும், "இந்தக் கட்டத்தின் சராசரி இவ்வளவு, மெதுவான ஏற்ற இறக்கம் இவ்வளவு, வேகமான ஏற்ற இறக்கம் இவ்வளவு" என்று சொல்லும் வேறு 64 எண்களாக மாறுகின்றன. வேகமான ஏற்ற இறக்கங்களைக் கண் சரியாகப் பார்ப்பதில்லை என்பதால் அவற்றைக் கரடுமுரடாக முழுமைப்படுத்துகிறார்கள். பல எண்கள் பூச்சியமாகிவிடும். பூச்சியங்களைச் சுருக்கி எழுத இடம் அதிகம் தேவையில்லை.

அந்த 64 எண் மாற்றத்தின் பின்னால் இருக்கும் கணக்கை முன்வைத்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது. 1972இல் இதை ஆராய்வதற்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 18 வருடம் கழித்து, 1992இல், ஜேபெக் தரநிலை வந்தபோது அதன் நடுவில் இருந்தது அந்தக் கணக்குத்தான். இன்று உங்கள் போனில் இருக்கும் குழந்தைப் படத்திலிருந்து கோயில் நோட்டீஸ் வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

எது போகிறது, எது போகவில்லை

ஜேபெக்கைப் பழிப்பவர்கள் இரண்டு தனித்தனி இழப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன சுருக்கத்தால் வரும் இழப்பு. கமராவில் தரத்தை உச்சத்தில் வைத்தால் இந்த இழப்பைக் கண்டுபிடிக்க நீங்கள் திரையில் படத்தை நாலு மடங்கு பெருப்பித்துத் தேட வேண்டும். 12க்கு 18 அங்குல அல்பப் பக்கத்தில் அது தெரியாது. இந்தப் பயத்துக்காக றோவுக்குப் போகிறவர் வீணாகப் போகிறார்.

மற்றது, படத்தை ஆக்கும்போது எறியப்பட்ட மிச்சம். இதுதான் கனமான இழப்பு. வெள்ளைச் சட்டையின் மடிப்பு ஜேபெக்கில் ஒரேயடியாக 255 என்ற உச்ச எண்ணில் போய் முட்டிவிட்டால் அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் இல்லை. றோவில் அதே இடத்தில் ஒரு ஸ்டொப் (வெளிச்சம் இரட்டிப்பது ஒரு ஸ்டொப்) அளவுக்காவது மடிப்பு ஒளிந்திருக்கப் பார்க்கும், இழுத்து எடுக்கலாம். இருட்டுப் பக்கத்தில் இன்னும் அதிகம் எடுக்கலாம். வைட் பலன்ஸும் அப்படித்தான். றோவில் அது ஒரு குறிப்பு மட்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஜேபெக்கில் அது படத்தோடு கலந்துவிட்டது. கொஞ்சம் திருத்தலாம். மஞ்சள் குண்டு பல்பில் எடுத்த முகத்தைப் பகல் முகமாக்க வெளிக்கிட்டால் தோல் சாம்பல்பூத்துப் போகும்.

இங்கே ஒரு கணக்கை நேராக்கிவிட வேண்டும். "ஜேபெக்கில் 256 படி, றோவில் 16,384 படி, ஆகவே றோ 64 மடங்கு நல்லது" என்று சொல்வார்கள். றோவில் அந்தப் படிகள் சீராகப் பரவி இல்லை. சென்சர் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் எண்ணுவதால் மிக வெளிச்சமான ஒரு ஸ்டொப்புக்கே 8192 படிகள் போய்விடும். அடுத்ததற்கு 4096, அதற்கடுத்து 2048. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது ஸ்டொப்புக்கு வரும்போது மிஞ்சுவது 16 படிதான். ஜேபெக்கின் 256 படிகளோ கண் பார்க்கும் விதத்துக்கு ஏற்ப வளைத்துப் பங்கிடப்பட்டவை. அதனால் எடுத்தபடியே பார்க்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது. பிறகு இழுக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். பண்ணைப் பாலத்தடியில் பொழுதுபடும் நேரத்தில் எடுத்த வானத்தை ஜேபெக்கில் இரண்டு ஸ்டொப் தூக்கிப் பாருங்கள். செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வழுவழுவென்று போக வேண்டிய இடம் பட்டை பட்டையாக உடைந்து நிற்கும். அதே வானத்தை முதலே சரியாக எடுத்திருந்தால் அந்தப் பட்டைகள் வந்திருக்காது.

இன்னொன்று, றோ என்றால் ஒன்றுமே எறியப்படாதது என்பதும் முழு உண்மையல்ல. இடத்தைச் சேமிக்க வேண்டி, இழப்போடு சுருக்கும் றோ வகைகளைக் கமரா நிறுவனங்களே தருகின்றன. கெனன் 2018இல் கொண்டுவந்த சி-றோ அப்படியானது. அதை வைத்து எடுப்பவர்களில் யாரும் குறைபட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் வெயிலில்

ஜேபெக்கில் எடுப்பதென்றால் வெளிச்சத்தை முதலே படிக்கத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து வெளிச்சம் அதற்குச் சுலபமான இடமல்ல, கடினமான இடமுமல்ல. அது பிடிவாதமானது, ஆனால் ஒரே மாதிரி வரும்.

குடாநாட்டில் வருடத்தில் இரண்டு முறை நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பல வருடங்களில் இந்த இரண்டாவது காலத்தைத் தொட்டுக்கொண்டே வருகின்றன. தேர் காலையிலேயே வெளிக்கிடுகிறது என்றாலும் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் சுள்ளென்று ஏறிவிடும். கோயிலுக்குள் படமெடுக்க விடமாட்டார்கள், வேலை எல்லாம் வெளி வீதியில்தான். வெள்ளை வேட்டி, மேல்சட்டை இல்லாத கறுத்த உடம்புகள், பட்டுச் சேலைகள், பரப்பிவிட்ட மணல், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து நிற்கும்.

கமராவின் வெளிச்சமானி இதைப் பார்த்து ஏமாறும். தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடுவது அதன் இயல்பு. மணலும் வேட்டியும் நிறைந்த சட்டத்தில் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மணல் அழுக்காகும், உடம்புகள் கரியாகும். அதற்குப் பயந்து வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டியின் மடிப்பு போய்விடும். றோவில் எடுப்பவர் குறைவாக எடுத்துவிட்டுப் பிறகு இருட்டைத் தூக்கிக்கொள்வார். ஜேபெக்காரருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நிக்கோனில் அக்டிவ் டி-லைட்டிங், கெனனில் ஹைலைட் டோன் பிரயோரிட்டி, சோனியில் டி.ஆர்.ஓ., ஃபூஜிஃபில்மில் டி.ஆர். 200, 400 என்று இருப்பவை இதற்காகத்தான். விவரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. பொதுவாக வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு இருட்டை உயர்த்தி ஜேபெக்கை ஆக்கித் தருகின்றன. குருணை கொஞ்சம் கூடும், அந்த வெயிலில் அது தெரியாது.

வெறும் கண்ணால் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிரதட்டை செய்பவர் மணலில் புரண்டு வரும்போது கீழிருந்து மணலின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். கண்குழியில் விழும் நிழலை அந்த வெளிச்சமே நிரப்பிவிடும். அதே ஆள் எழுந்து நின்று கும்பிடும்போது புருவத்தின் கீழ் இருட்டு. ஆகவே அந்த வெயிலில் தாழ்ந்து இருந்து எடுக்கும் படம் ஜேபெக்கிலேயே சரியாக வரும். நின்றுகொண்டு எடுக்கும் படத்துக்குத்தான் மினக்கெட வேண்டும். இதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் தரும் தொல்லை வேறு. கோப்பாயிலோ சுன்னாகத்திலோ வெங்காயத் தறைக்குள் நின்று, சட்டம் நிறைய மண் வரும்படி எடுத்தால், தானியங்கி வைட் பலன்ஸ் அந்தச் சிவப்பை வெளிச்சத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டு நீலத்தைச் சேர்க்கும். மண் பழுப்பாகி, நிற்பவரின் சாரம் நீலம்பாயும். கமராவைச் சற்றுத் திருப்பி வானம் உள்ளே வந்ததும் நிறம் மறுபடி மாறும். ஒரே தோட்டத்தில் எடுத்த பத்துப் படமும் பத்து நிறத்தில் இருக்கும். மருந்து எளிது. வைட் பலன்ஸைத் தானியங்கியில் விடாமல் சூரியன் குறிக்கு மாற்றிவிடுங்கள். பகல் முழுக்க அதைத் தொடவே வேண்டாம். மண் மண்ணாக வரும்.

கூறைச் சேலை இதைவிட நுட்பமானது. முகம் சரி, வெளிச்சம் சரி, ஹிஸ்டோகிராமும் வலது ஓரத்தை முட்டவில்லை. ஆனால் கூறை மட்டும் சிவப்பு மை கொட்டியது போல மடிப்பில்லாமல் கிடக்கும். ஹிஸ்டோகிராம் வெறும் வெளிச்சத்தைக் காட்டும் வகை என்றால் சிவப்புத் தடம் தனியாக நிரம்பி வழிவதை அது காட்டாது. சென்சரில் சிவப்பு பல வேளைகளில் நிரம்பியிருக்காது. வைட் பலன்ஸுக்காகச் சிவப்பைப் பெருக்கி, நிறத்தைக் கூட்டி, எஸ்.ஆர்.ஜி.பி. என்ற குறுகிய நிறவெளிக்குள், அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்குள், அடைக்கும்போதுதான் வழிகிறது. விவிட், லாண்ட்ஸ்கேப் போன்ற நிறப்பாணிகளில் இது மோசமாகும். ஸ்டூடியோக்காரர்கள் சிலர் "கலர் தூக்கலாக இருக்க வேணும்" என்று விவிட்டில் வைத்துவிட்டுப் பிறகு கூறை போய்விட்டது என்று கமராவைக் குறை சொல்வார்கள். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, பாணியை நியூட்ரல் அல்லது போர்ட்ரெய்ட்டில் வைத்து, நிறச்செறிவை ஒரு படி இறக்கினால் சரிகை தெரியும்.

அவசரம் உள்ளவர்களுக்கு

செய்திப் படத்தில் இந்த வாதமே வேறு. 2015 நவம்பரில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தனக்குப் படம் தரும் சுயாதீனப் படப்பிடிப்பாளர்களுக்கு ஓர் அறிவித்தல் விட்டது. றோவிலிருந்து ஆக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கமராவிலேயே ஜேபெக்காகப் பதிந்ததை மட்டும் அனுப்புங்கள், வெட்டுவது, வெளிச்சத்தைச் சற்றுச் சரிசெய்வது போன்றவை போதும் என்றது. சொன்ன காரணம் இரண்டு. படம் சீக்கிரம் வர வேண்டும், நடந்ததை விட்டுத் தள்ளிப்போகக் கூடாது. அதே வருடம் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்திய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம், கைவைத்தது கூடிப்போனதால் நீக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தப் போட்டி எடுத்த முடிவு ரொய்ட்டர்ஸைப் போலல்ல. அது கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒருவர் றோவைச் சந்தேகிக்கிறார், மற்றவர் றோவைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஜேபெக்கையும் வேண்டியபடி திருகலாம், அதனால் ஜேபெக் என்பதற்காகப் படம் உண்மையாகிவிடாது. ஆனால் வேகம் பற்றிய ரொய்ட்டர்ஸின் வாதத்துக்கு மறுப்பில்லை. பருத்தித்துறையில் நடந்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியவர் றோவைத் திறந்துகொண்டு இருக்க முடியாது. பத்திரிகைத் தாளில் அச்சாகும் படத்துக்கு அது தேவையுமில்லை.

கலியாண வீட்டிலும் அவசரம் உண்டு, அது வேறுவிதம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கி, நாலு பக்கத்திலிருந்தும் அறுகரிசி பறக்கும் அந்தச் சில நொடிகளில் கமரா திணறக் கூடாது. ஆரம்பநிலைக் கமராக்கள் சிலவற்றில் அரை டசின் றோப் படம் தொடர்ந்து எடுத்ததும் உள்நினைவகம் நிரம்பி ஷட்டர் நின்றுவிடும். கார்ட்டுக்கு எழுதி முடியும் வரை நீங்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். அதே கமரா ஜேபெக்கில் நெடுநேரம் ஓடும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு றோ 25இலிருந்து 30 மெகாபைட், நல்ல தரத்து ஜேபெக் 10 மெகாபைட் சொச்சம். 3000 படம் எடுக்கும் ஒரு கலியாணத்துக்கு றோ 75இலிருந்து 90 கிகாபைட் வரும், ஜேபெக் 30 கிகாபைட்டில் நிற்கும். இரண்டு பிரதி வைப்பதென்றால் இரட்டிப்பு. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது ஹாட் டிஸ்க் வாங்குவது எவ்வளவு பெரிய யோசனை என்று இங்கே ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 3000 றோவை ஜேபெக்காக மாற்றி எடுக்கப் பழைய லப்டொப் ஓர் இரவு முழுக்க ஓட வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் கமராவுக்குள்ளேயே முடிந்துவிட்ட படம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போது பலருக்கு விளங்கியது.

மென்பொருள் விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் றோவைத் தன் போக்கில் எழுதுகிறது. புதுக் கமரா வந்தால் அதன் கோப்பைப் பழைய லைட்ரூம் திறக்காது. அடோபி 2004இல் டி.என்.ஜி. என்று பொது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது, ஆனால் பெரிய கமரா நிறுவனங்கள் தங்கள் வழியை விடவில்லை. காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் எங்கள் ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் விடுகிறேன்.

றோ வேண்டும் இடங்கள்

இவ்வளவும் சொன்னதால் றோவே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஓமத்தின் தீ ஒரு நிறம், வீடியோக்காரரின் எல்.ஈ.டி. ஒரு நிறம், மண்டபத்து டியூப் லைட் இன்னொரு நிறம். மூன்றும் ஒரே முகத்தில் விழும்போது எந்த வைட் பலன்ஸை முதலே தீர்மானிப்பது? அங்கே தள்ளிப்போடுவதே சரி. சாமத்திய வீட்டு மேடைகளில் இப்போது போடும் ஊதா, கத்தரிப்பூ நிற விளக்குகளுக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே றோவும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். நீல எல்.ஈ.டி. மட்டும் விழுந்த முகத்தில் சிவப்பு என்பதே பதிந்திருக்காது, இல்லாததை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? விளக்குக்காரரிடம் போய், "கேக் வெட்டும்போது வெள்ளையைப் போடுங்கோ" என்று சொல்வது எந்த றோவையும் விடப் பலன் தரும்.

பழைய அல்பங்களைப் பிரதி எடுக்கும்போது கட்டாயம் றோவில் எடுங்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு மிஞ்சிய படங்கள் பல, ஈரம் பட்டு, நிறம் செம்மஞ்சளாக வெளிறியவை. வெளிறிய மூன்று நிறங்களையும் தனித்தனியாக நீட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். அந்த நீட்டலுக்கு 8 பிட் தாங்காது. அசையாத ஒரு படத்தை ஆறுதலாக வைத்து எடுக்கும் வேலைக்கு றோவின் எந்தப் பாரமும் பொருட்டல்ல.

இரண்டையும் சேர்த்துப் பதிவது பற்றி: றோவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள். ஓமத்துக்கு மட்டும் றோவை இயக்கிவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்கும் குழுப்படத்துக்கும் ஜேபெக்குக்குத் திரும்புவது இன்னும் நல்லது. அநேகமான கமராக்களில் ஒரு பொத்தானுக்கு இந்த வேலையைக் கொடுத்து வைக்கலாம். ஜேபெக்கில் தரத்தை உச்சத்திலும், நிறவெளியை எஸ்.ஆர்.ஜி.பி.யிலும், கூர்மையையும் குருணைக் குறைப்பையும் தாழ்விலும் வையுங்கள். குருணைக் குறைப்பு கூடினால் அம்மம்மாவின் முகச்சுருக்கம் மெழுகாகிவிடும். அடோபி ஆர்.ஜி.பி. என்ற அகன்ற நிறவெளியில் வைத்தால் லாபில் கழுவும்போதும் சில போன்களில் பார்க்கும்போதும் நிறம் செத்துத் தெரியலாம்.

உண்மையில் படத்தைக் கெடுப்பது

இங்கே படங்கள் பாழாவது பெரும்பாலும் கமராவை விட்டு வெளியே வந்த பிறகுதான். செத்த வீடு முடிந்து, 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலர் அடிக்க அச்சகத்துக்கு வரும் படத்தைப் பாருங்கள். யாரோ ஒரு கலியாணத்தில் எடுத்த குழுப்படம், வட்ஸ்அப்பில் நாலு பேரிடம் கைமாறி வந்திருக்கும். "இதில பின்வரிசையில நிக்கிறார், அவரை மட்டும் வெட்டி எடுங்கோ" என்பார்கள். வட்ஸ்அப் வழக்கமாகப் படத்தை நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் குறைத்து, கடுமையாகச் சுருக்கி அனுப்புகிறது. அதில் பின்வரிசை முகம் ஒன்று 64 பிக்சல் அகலம் என்று வையுங்கள். 8 பிக்சல் கட்டமாகப் பார்த்தால் காதிலிருந்து காது வரை எட்டே எட்டுக் கட்டம். நிறத்தகவல் பாதியாகக் குறைக்கப்பட்டதால் நிறத்துக்கு நாலு கட்டம். கல்வெட்டில் நாலு அங்குல அகலத்துக்கு நன்றாக அடிக்க 1200 பிக்சல் வேண்டும். அச்சகத்துப் பிள்ளை பெருப்பிக்கும்போது கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரிவது அந்தக் கட்டங்கள்தான். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுத் தெளிவாக்கி வருகிறார்கள். அவை கண்ணையும் பல்லையும் தாமே கற்பனை செய்து போடுகின்றன, பிள்ளைகள் பார்த்துவிட்டு "இது அப்பா இல்லையே" என்கிறார்கள்.

அதே குழுப்படத்தின் மூல ஜேபெக் 6000 பிக்சல் அகலத்தில் கிடைத்தால் அதே முகம் 240 பிக்சல். முழுப் பக்கத்துக்குப் போதாது, ஆனால் சிறிதாக அடித்தால் ஆள் ஆளாகத் தெரிவார். அதனால் கலியாணப் படம் எடுத்தவர் பென் டிரைவ் தரும்போது, "வட்ஸ்அப்பில வந்திட்டுதுதானே" என்று விட்டுவிடாமல் வாங்கி, இரண்டு இடத்தில் பிரதி போட்டு வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொகுமென்டாக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் கோப்பைத் தொடாது, ஒரு கோப்பு 2 கிகாபைட் வரைக்கும் போகும்.